புக்கிட் திமாவில் ஒரு ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். முழங்கால் வலி தேவலையா? கோடாலித் தைலம் நாலு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன்.

போன ஞாயிறு ரூம் ஆட்களோடு மலை ஏறினேன். மலை என்று இவர்கள்தான் சொல்கிறார்கள்! புக்கிட் திமா. சிங்கப்பூரிலேயே உயரம் இதுதானாம். உச்சிப் பாறையில் 163.63 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போகிற நமக்கு இது ஒரு மேடு. ஆனாலும் தார் ரோடு நெட்டுக்குத்தாக ஏறுவதில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது, சிரிக்காதே. திமா என்றால் மலாயில் வெள்ளீயம். தோண்டியது என்னவோ கருங்கல்தான். அடிவாரத்தில் ஒரு பழைய கல் குவாரி இப்போது குளமாகக் கிடக்கிறது.

கூட வந்த பெரியவர் ஒரு சங்கதி சொன்னார். 1840களில் இந்தச் சரிவுகளிலெல்லாம் கம்பீர் என்கிற செடித் தோட்டமாம். அப்பாயி வெற்றிலையோடு போடுமே காசுக்கட்டி, அதிலிருந்து எடுப்பது கிட்டத்தட்ட அதுதான். நம் பக்கம் கருங்காலிக் கட்டையைக் காய்ச்சி எடுப்பார்கள். இங்கே இலையைக் காய்ச்சியிருக்கிறார்கள். தோல் பதனிடக் கப்பலில் போகுமாம். காய்ச்சி மிஞ்சிய இலைச் சக்கை பக்கத்து மிளகுக்கொடிக்கு எரு. வேலை செய்தவர்கள் சீனக் கூலிகள். நமக்குச் சிறுத்தை பயம் என்றால், அவர்களைப் புலியே அடித்திருக்கிறது.

இலை காய்ச்சும் அடுப்புக்கு வெட்டி வெட்டிக் காடு போயிற்று, மண்ணும் சத்துக் கெட்டது. தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டு அக்கரையில் மலேசியாவின் ஜொகூர்ப் பக்கம் போய்விட்டார்கள். 1883இல் இந்த மலையைக் காப்புக்காடு ஆக்கியதால் உச்சியில் மட்டும் பழைய மரங்கள் தப்பின.

இறங்கும்போது ஒரு கம்பீர்ச் செடியாவது கண்ணில் படுமா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு அடையாளம் தெரிந்தால்தானே. கவாத்து பண்ணாமல் விட்ட தேயிலை மரமாக வளர்ந்து நிற்கும் என்பாயே, அது ஞாபகம் வந்தது. அந்தக் கூலிகளுக்கும், தேயிலை பறிக்கிற உன்னைப் போல, விரல் நுனியெல்லாம் கறை ஏறிக் கறுத்திருக்கும்.

சம்பளம் 7ஆம் தேதி. வந்ததும் போடுகிறேன். தம்பி பீஸ் போக மீதியில் நம் எஸ்டேட் பாடி வீட்டுக் கூரையைப் பார்க்கச் சொல். மழைக்கு முன்னால்.

உன் மகன்