தொடாத அணிக்கு நான்காம் இடம்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

2025-26 சீசனுக்கு ஃபேன்டஸி பிரீமியர் லீக் திறந்துவிட்டது. இங்கிலாந்துக் கால்பந்து வீரர்களை விலைக்கு எடுத்து அணி அமைத்து, நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதற்குப் பாயின்ட் வாங்கும் அதே ஆட்டம்தான். லிவர்பூலின் சலா 14.5 மில்லியன் பவுண்ட், மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்ட் 14. நீங்கள் இங்கே இருந்திருந்தால் இந்நேரம் ஆபீஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். ஆனால் அதற்கு முன்னால் 2024-25 சீசன் எப்படி முடிந்தது என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஜனவரியில் வேலை மாறிப் போனபின் நம் ஆபீஸ் லீகை நீங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று தெரியும். புது இடத்தில் அதற்கு நேரம் கிடைத்திருக்காது.

உங்கள் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். 11 பேரில் நீங்கள் நான்காவது. ஜனவரிக்குப் பின் ஒரு டிரான்ஸ்ஃபர் (வீரரை மாற்றுவது) இல்லை, ஒரு சிப் (சில முறை மட்டும் போடக்கூடிய சிறப்புச் சலுகை) இல்லை. அப்படியே விட்டுப்போன அணி வாரா வாரம் தானாக ஆடி, எங்களில் ஏழு பேரைத் தாண்டிவிட்டது.

முக்கியக் காரணம், பாயின்ட்டை இரட்டிப்பாக்கும் கேப்டன் பட்டையை சலாவிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். 29 கோல், 18 அசிஸ்ட், மொத்தம் 344 பாயின்ட். இந்த ஆட்டத்தின் வரலாற்றில் ஒரு சீசனில் யாரும் இவ்வளவு எடுத்ததில்லை. பழைய சாதனையும் அவருடையதே, 2017-18இல் எடுத்த 303. முன்வரிசையில் நியூகாசிலின் இசாக்கும் கிறிஸ் வுட்டும், நடுவில் எம்பெமோவும் இருந்தார்கள். சீசன் தொடக்கத்தில் 6 மில்லியனுக்குக் கிடைத்த வுட் 20 கோல் அடித்தார். 7 மில்லியன் எம்பெமோவும் 20. மலிவாக இருந்தபோதே அவர்களை எடுத்தவர் நீங்கள். அப்போது நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆர்சனலின் சாகாவைத்தான் அணியிலேயே விட்டு மறந்துவிட்டீர்கள். டிசம்பரில் தொடைத் தசை கிழிந்து வெளியே போனவர், ஏப்ரல் 1ஆம் தேதி ஃபுல்ஹாமுக்கு எதிராகத்தான் திரும்பி வந்தார். பெஞ்சிலிருந்து இறங்கி கோலும் அடித்தார். அதே ஆட்டத்தின் தொடக்கத்தில் உங்கள் அணியிலிருந்த இன்னொரு ஆர்சனல் வீரர் கேப்ரியல் காயத்தோடு வெளியேறினார், சீசனும் அவருக்கு அதோடு சரி. அன்று எல்லாரும் உங்கள் அணியைத்தான் திறந்து பார்த்தோம்.

மோசமான வாரம் 29ஆவது. லிவர்பூலும் நியூகாசிலும் மார்ச் 16 அன்று லீக் கோப்பை இறுதியாட்டத்துக்குப் போய்விட்டதால் இரண்டுக்குமே அந்த வாரம் லீக் ஆட்டம் கிடையாது. கேப்டன் சலா, அவர் ஆடாவிட்டால் இரட்டிப்பைப் பெறும் வைஸ் கேப்டன் இசாக், இருவருமே இல்லை. இரட்டிப்பு யாருக்கும் போகாது. மற்றவர்கள் ஒரு வாரத்துக்கு மட்டும் அணியை மாற்றும் ஃப்ரீ ஹிட் சிப்பைப் போட்டுத் தப்பினார்கள். மூன்றாம் இடம் உங்கள் கையைவிட்டுப் போனது அங்கேதான்.

நம் லீகின் கோப்பை கணக்குப் பிரிவு அண்ணனுக்கு. அவர் வென்ற விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இலவச டிரான்ஸ்ஃபரை ஐந்து வரை சேர்த்து வைக்கலாம் என்ற விதி அந்த சீசனில்தான் வந்தது. நாங்கள் வாரம் ஒன்றைச் செலவழித்து, போதாமல் கூடுதல் டிரான்ஸ்ஃபருக்கு மைனஸ் நான்கு பாயின்ட் வேறு வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் பொறுமையாகச் சேர்த்தார். கேப்டனுக்கு மும்மடங்கு பாயின்ட் தரும் டிரிபிள் கேப்டன் சிப்பையும் 24ஆவது வாரம் வரை தொடவில்லை. அந்த வாரம் லிவர்பூலுக்கு இரண்டு ஆட்டம். சலா போர்ன்மவுத்துக்கு எதிராக இரண்டு கோல், எவர்ட்டனுக்கு எதிராக ஒரு கோல், ஒரு அசிஸ்ட். 29 பாயின்ட், மூன்றால் பெருக்கினால் 87. அதன்பின் அவரை யாரும் பிடிக்கவில்லை.

அந்த எவர்ட்டன் ஆட்டம் ஏன் 24ஆவது வாரத்துக்கு வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். டிசம்பர் 7, டாரா புயல். காலையில்தான் ஆட்டம் தள்ளிப்போன அறிவிப்பு வந்தது, அணியை மாற்றுவதற்கான டெட்லைனுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அப்போது பட்டியலில் முதலிடம் உங்களுக்கு. பேசாமல் இருந்திருந்தால் லாபம். ஆனால் நீங்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "மேட்ச் இல்லை, சலாவை மாத்துங்க" என்றீர்கள். எச்.ஆர். மேடம் எடுக்கவில்லை என்று திரும்பத் திரும்ப அடித்தீர்கள். அக்கா, ஒரு ஆட்டத்தை எல்லாரும் ஒழுங்காக ஆட வேண்டும் என்று ஜெயிக்கிறவரே நினைப்பது அபூர்வம். ஜனவரிக்குப் பின்பும் ஒருவர்கூட லீகைவிட்டு விலகாததற்கு அந்த போன்கள்தான் காரணம் என்று நம்புகிறேன்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாமிடம் எனக்கு. மேனேஜர் சார் தொடக்கத்தில் ஹாலண்ட் அடித்த அடுத்தடுத்த ஹாட்ரிக்குகளால் மேலே போனார், பிறகு சிட்டி சரிந்தபோது கூடவே இறங்கி எட்டாவதாக முடித்தார். டிசைன் டீம் தங்கை மட்டும் செல்சியின் பால்மரைக் கடைசிவரை விடவில்லை. செப்டம்பர் 28 அன்று பிரைட்டனுக்கு எதிராக முதல் பாதியிலேயே அவர் நான்கு கோல் அடித்தபோது கேப்டனாக வைத்திருந்தது அவள் ஒருத்திதான். ஒரே ஆளிடமிருந்து 50 பாயின்ட். அப்புறம் ஜனவரி நடுவிலிருந்து மே 4 வரை லீகில் பால்மருக்கு ஒரு கோலும் இல்லை. விற்றுவிடு என்று எல்லாரும் சொன்னோம். மாட்டேன் என்றாள். லிவர்பூலுக்கு எதிராக அந்தப் பெனால்டி உள்ளே போனதும் குரூப்பில் முதலில் வாழ்த்தியது, அவளை அடுத்த நிமிடமே முந்திப்போன டெஸ்டிங் தம்பி.

கடைசி இடம் எச்.ஆர். மேடத்துக்கு. ஆனாலும் 38 வாரமும் ஒரு டெட்லைனைக்கூட அவர் தவறவிடவில்லை. சீசன் முழுக்க முழு மனதோடு ஆடியவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

2025-26 சீசனுக்கு விதிகள் மாறியிருக்கின்றன. அசிஸ்டன்ட் மேனேஜர் சிப்பை எடுத்துவிட்டார்கள். மற்ற நான்கு சிப்புகளும் பாதி சீசனுக்கு ஒரு முறை வீதம் கிடைக்கும். ஒரு ஆட்டத்தில் டிஃபெண்டர் கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் என்று தடுப்பு வேலைகள் எல்லாம் சேர்த்துப் பத்து எடுத்தால் 2 பாயின்ட். கோல் அடிக்காத டிஃபெண்டர்களுக்கும் மதிப்பு வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்களே, வந்துவிட்டது.

எச்.ஆர். மேடம் உங்களைக் கூப்பிடச் சொன்னார். ஆபீஸ் மாறினால் என்ன, லீக் மாறவில்லை. லீகில் சேர்வதற்கான கோட் எண்ணை உங்கள் நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன். முதல் ஆட்டம் ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. டெட்லைன் அதற்கு 90 நிமிடம் முன்பு. சாகாவின் உடல்நிலையைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து சீட் தம்பி