மங்களூர் ஃபியட்டைத் தனியாகப் போய்ப் பார்க்காதே

அன்புள்ள மூத்தவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் "ம், ம்" என்கிறாய், எது காதில் விழுந்தது எது விழவில்லை என்று எனக்குத் தெரிவதில்லை, அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. இங்கே சாரல் தொடங்கிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து இன்னும் பத்து நாள் விடணும். சரி, மங்களூரில் நீ வாங்கப் பார்க்கிற பழைய ஃபியட் கார் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். விற்கிறவர் "1967 பத்மினி" என்று எழுதியிருக்கிறார். 1967-ல் பத்மினி என்ற பெயரே கிடையாது. அப்போது பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி போட்டுக்கொண்டிருந்த வண்டி ஃபியட் 1100 டிலைட். 1972-ல் அது பிரீமியர் பிரசிடென்ட் ஆனது, 1974-ல்தான் பத்மினி என்று பெயர் வைத்தார்கள். எஞ்சின் அதே 1089 சிசிதான், கியரும் அதே ஸ்டீயரிங் கியர்தான். அதனால் ஒன்று, அவருக்கு விவரம் தெரியாமல் இருக்கலாம். இல்லாவிட்டால் பிற்பாடு வந்த ஒரு பத்மினியைப் பழைய ஆர்.சி.க்குள் நுழைத்திருக்கலாம். அப்படி என்றால் அந்தப் பக்கமே போகாதே. ஆர்.சி.யில் உள்ள சேஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் அடித்திருக்கிற நம்பரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். நம்பர் அடித்த தகட்டைச் சுற்றி விரலால் தடவிப் பார். வெட்டி ஒட்டிய வெல்டிங் தடம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும்.

இரண்டாவது, அது மங்களூர் வண்டி. கடல் காற்று, அதோடு அந்த மழை. நம் பட்டறைக்குக் கேரளாவிலிருந்து புளியரை இறங்கி வந்த வண்டிகளை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய வண்டிக்கும் தென்காசி, ராஜபாளையம் பக்கம் ஓடிய வண்டிக்கும் தகட்டில் எவ்வளவு வித்தியாசம்! நம்பர் பிளேட்டில் கே.எல்.க்யூ. என்று கொல்லம் நம்பரைப் பார்த்தாலே நான் முதலில் குனிந்து அடியைத்தான் பார்ப்பேன். ஃபியட்டுக்குத் தனிச் சேஸி கிடையாது, அந்தத் தகட்டு உடம்புதான் அதற்கு எலும்பு. தளமும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டியும் துரு தின்றுவிட்டால் மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது வண்டி இல்லை. எஞ்சின் போனால் போகட்டும், போரிங் போட்டு, கிராங்க் கிரைண்டிங் பண்ணி எந்த ஊரிலும் எழுப்பிவிடலாம். தளம் போனதை மீட்கக் கைகாரன் வேண்டும், அந்த மாதிரி டிங்கர் இப்போது எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள்?

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போ. கதவின் கீழ்ப்பக்கம், மட்கார்டு வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றி வைத்துப் பார். ஒட்டாத இடமெல்லாம் பட்டி பூசி மூடின இடம். அப்புறம் முன்கதவைத் திறந்து கைப்பிடி ஓரத்தில் பிடித்து மேலே தூக்கு. கீல் தேய்ந்திருந்தால் கொஞ்சம் ஆடும், அது சின்ன வேலை. கீல் பிடித்திருக்கிற தூணே அசைந்தால் விட்டுவிடு. ஜாக்கியை அதற்கான இடத்தில் கொடுத்து ஒரு பக்கம் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பார், சிக்கினால் உடம்பு தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே மிதியடியை எடுக்கச் சொல். எடுக்க முடியாது, ஒட்டியிருக்கிறது என்றால் விலை பேசாமல் எழுந்து வா.

மருமகளையும் கூட்டிப் போ. அவள் கண் வேறு கண். நீங்கள் வீடு பார்த்தபோது நீயும் நானும் சுவர் பெயின்டைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றோம், அவள்தான் பீரோவை நகர்த்தச் சொன்னாள். பின்னால் ஓதம் வரைபடம் போட்டிருந்தது. அன்றைக்கு விலையில் குறைந்தது அவளால்தானே.

காலையில் நீங்கள் போய்ச் சேரும்வரை ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடு. போனதும் பானெட்டில் கை வை, சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆயில் குச்சியை எடுத்துப் பார், காபி மாதிரிக் கலங்கி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் காஸ்கெட் வேலை. ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் புகை குபுகுபு என்று வருகிறதா பார், பேக் கம்ப்ரஷன் இருந்தால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. ரோட்டில் இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலப்புகை ஒரு பொட்டலம் போல வந்து நின்றுவிட்டால் வால்வு கைடு. மிதிக்க மிதிக்க வந்துகொண்டே இருந்தால் ரிங். இதை ஓட்டுகிறவன் பார்க்க முடியாது, பின்னால் ஒருவர் வரணும்.

முன்சக்கரம் திரும்புகிற முளை, கிங்பின், அதுவும் அப்படித்தான். முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால், உள்ளே ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும், அப்போது ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். ஒற்றை ஆளாகப் போனால் இந்தச் சோதனையே கிடையாது. விற்கிறவரையே மிதிக்கச் சொல்வாயா? அதற்குத்தான் சொல்கிறேன், இரண்டு பேராகப் போங்கள்.

பத்து வயதில் நீ பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, ரோட்டில் போகிற வண்டியைத் தலைதூக்காமல் "அப்பா, அதுல ஒரு பிளக் அடிக்கல" என்பாய். நான் ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் பயப்படுகிறேன். எஞ்சின் சத்தம் நன்றாக இருந்தால் நீ மயங்கிவிடுவாய். என்னைப் போலத்தான் நீயும். பொங்கலுக்கும் வரவில்லை, கோயில் கொடைக்கும் வரவில்லை, லீவு இல்லை என்றாய். மங்களூர் போய் வண்டி பார்க்க மட்டும் லீவு எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை.

விலை நாலேகால் லட்சம் என்று நிற்கிறார் என்கிறாய். தளம் சுத்தம், நம்பர் சரி, கிரில், பம்பர், மீட்டர், விளக்குக் கண்ணாடி எல்லாம் ஒரிஜினலாக இருக்கிறது என்றால் என் கணக்கில் மூன்றரை வரை போகலாம். தளம் போயிருந்தால் ஒன்றரைக்கு மேல் வாயே திறக்காதே. இல்லாத சாமானை ஒவ்வொன்றாக எழுதிவை. எஞ்சின் சாமான் சென்னை புதுப்பேட்டையிலோ உங்கள் பெங்களூர் ஜே.சி. ரோட்டிலோ தேடினால் கிடைத்துவிடும், வெளியே மினுங்குகிற சாமான்தான் கிடைக்காது. அதற்கு அலைகிற செலவையும் சேர்த்துக் கழிக்கணும். புது பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்பதற்காக ஒரு ரூபாய்கூடச் சேர்த்துக் கொடுக்காதே. விற்பதற்கு முன்னால் அடித்த பெயின்ட் எதையோ மூடத்தான் அடித்திருக்கும்.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது, வி.ஏ. என்று எழுத்து வருகிற நம்பர், பதிய இருபதாயிரம், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு இதற்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். நீ ஆபீஸுக்கே அதில் போவேன் என்கிறாய், அது நடக்காது. சாதாரணப் பதிவிலேயே வைத்திருப்பதென்றால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, கடைசியாக எந்த வருஷம் வரை என்று பார். ஆர்.சி. இன்னும் செத்துப்போனவர் பெயரில் இருந்தால் வாரிசு எல்லாரும் கையெழுத்துப் போடாமல் அட்வான்ஸ் கொடுக்காதே. இப்போது பங்க்கில் எத்தனால் கலந்துதான் பெட்ரோல் வருகிறது, பழைய ரப்பர் குழாயை அது அரித்துவிடும், வாங்கினால் முதல் வேலையாகக் குழாய், பம்ப் டயாபிரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் மாற்று.

ஆர்.சி. படத்தை நீ வாசல் பக்கம் தரையில் வைத்து எடுத்திருந்தாய். நம்பர் படிக்கத்தான் பெரிதாக்கினேன். பக்கத்தில் செருப்பு ஸ்டாண்ட் தெரிந்தது. இரண்டு தட்டிலும் உன் ஷூவும் செருப்பும் மட்டும்தான் இருந்தன. படம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் காட்டவில்லை.

முன்னெல்லாம் நீ பேசி முடிப்பதற்குள் மருமகள் போனை வாங்கி "மாமா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா" என்று கேட்பாள். சித்திரையிலிருந்து அவள் குரலையே கேட்கவில்லை. குளிக்கிறாள் என்கிறாய், தூங்குகிறாள் என்கிறாய். சரி.

நான் ஒன்று சொல்லணும். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

1993-ல் கொட்டாரக்கரையில் ஒரு வெள்ளை பத்மினி வாங்கி வந்தேன், ஞாபகம் இருக்கும். அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியும் ஆறு வளையலும் வைத்து வாங்கினது. வைத்தது அவளுக்குத் தெரியாது. வண்டி பார்க்கப் போகிறேன் என்றதும், "அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க, அவருக்கு அங்க ஆளுங்களத் தெரியும்" என்று புனலூர் தாத்தாவைச் சொன்னாள். வண்டி பார்க்க எனக்கு மாமனார் துணை எதற்கு என்று கத்திவிட்டுத் தனியாகப் போனேன். எஞ்சினை ஒன்றரை மணி நேரம் கேட்டேன். தையல் மிஷின் மாதிரி ஓடியது. குனிந்து அடியைப் பார்க்கவில்லை. ஆரியங்காவு வரும்போது மழை பிடித்துக்கொண்டது, என் கால் நனைகிறது, கண்ணாடி எல்லாம் மூடித்தான் இருக்கிறது. வீட்டில் கொண்டுவந்து மிதியடியைக் கிழித்துப் பார்த்தால் ஓட்டை விழுந்த தகரம், அதன்மேல் கோணிச்சாக்கு, அதன்மேல் தார். சாக்கை விரலால் தூக்கினேன், கீழே முற்றத்து மண் தெரிந்தது.

அம்மா பக்கத்தில்தான் நின்றாள். வளையல் விஷயமும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள், அவ்வளவுதான் கேட்டாள். நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். மறுநாள் உன்னையும் கைக்குழந்தையாக இருந்த சின்னவளையும் தூக்கிக்கொண்டு புனலூர் போய்விட்டாள். தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று உன்னிடம் சொன்னோம், ஊருக்கும் அதையேதான் சொன்னேன். தாத்தா நன்றாகத்தான் இருந்தார்.

ஐந்து மாதம். ஒன்றாம் வகுப்பு பாதியை நீ அங்கே படித்தாய். உனக்கு மலையாளம் எழுதப் படிக்க வருகிறது என்று உன் கல்யாணத்தில்கூட அம்பைச் சம்பந்தியிடம் பெருமையாகச் சொன்னேனே, அது இப்படி வந்ததுதான். அன்றைக்கு அம்மா ஒன்றும் சொல்லாமல் இலை போடப் போய்விட்டாள், நீ கவனித்திருக்க மாட்டாய்.

செங்கோட்டையிலிருந்து புனலூர் எவ்வளவு தூரம்? அந்த மீட்டர்கேஜ் வண்டியில் இரண்டு தடவை டிக்கெட் எடுத்து ஏறினேன். பதிமூன்று கண் பாலம் தாண்டுகிற வரை தைரியமாகத்தான் இருந்தேன். தென்மலையில் இறங்கி, போய் என்ன சொல்வது என்று பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, எதிர் வண்டியில் திரும்பி வந்தேன். இரண்டு தடவையும். கடைசியில் தாத்தாதான் உங்களைக் கொண்டுவந்து வாசலில் விட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். நான் போய் அழைக்கவில்லை என்பது இந்த வீட்டில் இன்றுவரை இருக்கிறது, அய்யா. அம்மா அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியது இல்லை. மன்னித்துவிட்டாள் என்று நானாக எடுத்துக்கொண்டேன், அவளிடம் கேட்டதில்லை. இந்தக் கடிதம் முடிந்ததும் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

வண்டியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உனக்கு ஆசை இருக்கிறது, நீ சம்பாதிக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை மங்களூர் போவதைத் தள்ளிப்போடு, வண்டி எங்கேயும் ஓடிவிடாது. அம்பைக்குப் போகிற வேலை ஏதாவது இருந்தால் அதை முதலில் பார். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல், தென்காசியில் நிற்கிறேன், சேர்ந்து போகலாம். நான் வாசலிலேயே நின்றுகொள்கிறேன்.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு இரண்டு பாட்டில் கட்டி வைத்திருக்கிறாள். ஒன்று உனக்கு, வழக்கம்போலக் காரமாக. இன்னொன்று மருமகளுக்கு, அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற மாதிரி மிளகாய் போடாமல், மூடியில் அவள் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறாள். பார்சல் ஆபீஸுக்கு நாளை மறுநாள் போகிறேன். அந்த இரண்டாவது பாட்டிலை எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும் என்று மட்டும் எழுது.

அப்பா
செங்கோட்டை