எதிரணி இல்லாத 87 விழுக்காடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பதவியில் இருக்கும் செனட்டர்கள் மாநிலம் முழுவதும் வாக்குகளை அள்ளி மீண்டும் வெல்வதை மக்களின் அன்புக்கு அளவுகோலாகக் கொண்ட தங்கள் கட்டுரை, 2006-இல் இண்டியானாவில் குடியரசுக் கட்சியின் ரிச்சர்டு லூகர் பெற்ற 87 விழுக்காட்டை அதற்குச் சான்றாகக் காட்டியிருந்தது. லூகர் மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் அந்த எண்ணுக்கு அப்படிப் பொருள் கொள்ளக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அந்தத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை. லூகரை எதிர்த்துக் களத்தில் நின்றவர் சிறு கட்சியான லிபர்டேரியன் கட்சியின் ஸ்டீவ் ஆஸ்போர்ன் ஒருவரே. அவருக்கும் ஏறத்தாழ 1.68 லட்சம் பேர் வாக்களித்தனர். ஜனநாயகக் கட்சிக்கு அங்கே வலுவில்லை என்றும் சொல்ல முடியாது. அதே ஆண்டு, அதே இண்டியானாவில், குடியரசுக் கட்சியிடமிருந்து 3 பிரதிநிதிகள் அவைத் தொகுதிகளை அது கைப்பற்றியது. வெல்ல முடியாதவர் என்று எண்ணிப் போட்டியையே கைவிட்டதால், அக்கட்சியின் ஆதரவாளர்களுக்குத் தங்கள் கட்சிக்கு வாக்களிக்கும் வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

லூகரின் உண்மையான செல்வாக்கை அறிய 1994, 2000 ஆகிய தேர்தல்களைப் பார்க்க வேண்டும். பிரதிநிதிகள் அவைக்கு மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனநாயகக் கட்சியின் ஜிம் ஜான்ட்ஸ் 1994-இல் எதிர்த்து நின்றபோதும், ஜனநாயகக் கட்சி மீண்டும் வேட்பாளரை நிறுத்திய 2000-இலும், லூகர் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைப் பெற்றார். முன்னாள் சோவியத் நாடுகளின் அணு ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்ய 1991-இல் ஜனநாயகக் கட்சி செனட்டர் சாம் நன்னுடன் சேர்ந்து சட்டம் கொண்டுவந்தவர், 2006 தேர்தல் முடிந்த சில நாட்களிலேயே வெளியுறவுக் குழுத் தலைவராக இந்திய அணுசக்தி உடன்பாட்டுக்கான மசோதாவைச் செனட்டில் நிறைவேற்றித் தந்தவர் என்ற பெருமைகளுக்கு அந்த மூன்றில் இரண்டு பங்கே தகுந்த மரியாதை. 87 விழுக்காடு அவருடைய பெருமையைக் கூட்டவில்லை. மாறாக, அவரைச் சுற்றி வளர்ந்துவந்த அதிருப்தியை மறைத்துவிட்டது.

ஆறே ஆண்டுகளில், 2012-இல், சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே ரிச்சர்டு மர்டாக்கிடம் சுமார் 20 புள்ளிகள் வித்தியாசத்தில் லூகர் தோற்றார். ஒபாமா நியமித்த நீதிபதிகளை ஆதரித்ததும், ரஷ்யாவுடனான ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்துக்காக உழைத்ததும் கட்சியினரின் கோபத்துக்குக் காரணங்கள். இவற்றில் அவர் பக்கமே நியாயம் இருந்தது என்பேன். ஆனால் 1977-இலேயே விற்றுவிட்ட இண்டியானாபோலிஸ் வீட்டின் முகவரியிலேயே அவர் வாக்காளராகத் தொடர்ந்தது பெரும் பிரச்சினையாக வெடித்தது அந்த ஆண்டில்தான். வலுவான எதிராளி ஒருவர் 2006-இல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி அப்போதே எழுந்திருக்கக்கூடும். திருத்திக்கொள்ள அவருக்கும் அவகாசம் கிடைத்திருக்கும். இறுதியில் அந்த இடத்தை வென்றவர் ஜனநாயகக் கட்சியின் ஜோ டானலி. 2006-இல் அக்கட்சி கைப்பற்றிய அந்த மூன்று தொகுதிகளில் ஒன்றில் வென்றவர் அவரே.

ஆகவே, இத்தகைய வெற்றிகளைப் பற்றித் தங்கள் இதழ் இனி எழுதும்போது, எதிர்த்து நின்றவர் யார், முக்கிய எதிர்க்கட்சி போட்டியிட்டதா, அது போட்டியிட்ட முந்தைய தேர்தலில் அதே தலைவர் பெற்ற விழுக்காடு எவ்வளவு ஆகிய விவரங்களையும் வெற்றி எண்ணோடு சேர்த்தே அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்