ஞாயிறு காலை உப்பாற்றில கண்டல் வேலை

எல்லாருக்கும் வணக்கம். வாற ஞாயிறு காலை 6.30க்கு உப்பாற்றுப் பாலத்தடியில சந்திப்பம். இந்தமுறை கண்டல் (கடலோரச் சேற்றில வளருற மரம்) கன்று நடுகை இல்லை, துப்பரவு மட்டும்தான். போனமுறை அவசரத்தில வெறும் சேற்றுத்திடலில குத்திவிட்ட கன்றுகளில பாதி அலையோட போயிற்றுது. பிழை எங்கடதான்.

கண்டல் விதை மரத்திலேயே முளைச்சு, முருங்கைக்காய் மாதிரித் தொங்கி, தானா விழுந்து சேற்றில வேர்விடும். வாய்க்காலை அடைச்சிருக்கிற பொலித்தீனையும் பழைய வலையையும் எடுத்து, கடல்தண்ணி உள்ள வந்துபோக விட்டாலே மிச்சத்தை அது பாத்துக்கொள்ளும். இறால் குஞ்சும் நண்டும் வளருறது அந்த வேருக்குள்ளதான்.

எங்கையாவது புதுசா மண் கொட்டி நிரப்பியிருந்தா படம் மட்டும் எடுங்கோ, ஆரோடயும் வாய்த்தர்க்கம் வேண்டாம். செருப்பு சேற்றோட போயிடும், பழைய சப்பாத்துப் போடுங்கோ. தேத்தண்ணி நான் கொண்டுவாறன், கோப்பை உங்கட.