மேட்வான் மலையில் பெல்ட் தந்த பெரியவருக்கு

போன சனிக்கிழமை, மேற்கு வர்ஜீனியாவில் மேட்வான் ஊருக்கு மேலே, ஹாட்ஃபீல்டு-மெக்காய் மலைத்தடத்தில் கரடுமுரடான தடங்களில் ஓட்டும் எங்கள் வண்டியின் டிரைவ் பெல்ட் (இன்ஜின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பட்டை) அறுந்துவிட்டது. மாற்றுப் பெல்ட் கொண்டுபோகாதது எங்கள் தப்புதான். போனில் சிக்னலும் இல்லை.

சிவப்பு ஹெல்மெட்டோடு எதிரே வந்த பெரியவரே, நீங்கள் சேற்றில் மண்டியிட்டு, கிளட்ச் மூடியைக் கழற்றி, சிக்கியிருந்த பழைய பெல்ட்டின் நார்களையெல்லாம் பொறுக்கி எடுத்தீர்கள். மிச்சம் இருந்தால் புதுப் பெல்ட்டும் போய்விடுமாம். அப்புறம் உங்கள் கைவசம் இருந்த பெல்ட்டையே மாட்டினீர்கள். நல்லவேளை, இரண்டும் ஒரே மாடல் வண்டி!

மேட்வான் என்றால் 1920-இல் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த ஊர் என்றுதான் படித்திருந்தோம். இருபது வருடம் நிலக்கரி வெட்டிய கை என்று சிரித்தீர்களே, அதுதான் இப்போது நினைவில் நிற்கிறது.

பணம் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. நன்றி ஐயா. புதுப் பெல்ட் வாங்கி வைத்திருக்கிறேன். அக்டோபரில் அதே தடத்துக்கு வருகிறேன்.