மலைக் கூடாரங்களுக்கு உரிமம் கட்டாயமாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறை வந்தால் சென்னையிலிருந்து ஏலகிரி, கொல்லிமலை, கொடைக்கானல் என்று கிளம்பும் இளைஞர்கள் இப்போது அறையைவிடக் கூடாரத்தையே விரும்புகிறார்கள். கட்டில், குளியலறை வரை வசதியுள்ள சொகுசுக் கூடாரங்களும் பெருகிவிட்டன. நல்ல ஆசைதான், நகரத்துப் பிள்ளைகள் வேறெங்கே வானம் நிறைய நட்சத்திரம் பார்ப்பார்கள்?

ஆனால் துணிச்சுவர் யானையைத் தடுக்காது. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் கூடாரத்தில் தங்கச் சென்ற பெண் யானை தாக்கி இறந்தார். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. சென்னையிலிருந்து மலையேறப் போனவர்களும் அதில் உண்டு. அதற்குப் பிறகும், புல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் 'கேம்ப் ஃபயர் உண்டு' என்று விளம்பரம் செய்கிறார்கள். பார்க்கவே பதறுகிறது.

2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் செல்வோர் இணையதளத்தில் பதிந்து பெறும் இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. அந்த இணையதளத்திலேயே அனுமதி பெற்ற முகாம்களின் பட்டியலை அரசு வெளியிடலாம். யானை வழித்தடத்தில் இருக்கும் முகாம்களுக்கும், கழிவுநீரை ஓடையில் விடும் முகாம்களுக்கும் உரிமமே தரக்கூடாது. இரவுக் காவலுக்குக் காடறிந்த உள்ளூர்க்காரர்களை அமர்த்தினால் அவர்களுக்கும் வேலை கிடைக்கும். முன்பணம் அனுப்புமுன் உரிம நகலைப் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.