கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி: அமெரிக்கத் தமிழ் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வழக்கறிஞர்களுக்கு, வணக்கம்.

நான் நியூ ஜெர்சியில் வரிக்கணக்கு போட்டுக் கொடுப்பவன். போன மார்ச்சில் ஒரு அக்கா என் மேசையில் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று, அவரை அநியாயமாக வேலையை விட்டு நீக்கிய நிறுவனம் சமரசத் தொகைக்காக அனுப்பிய 1099 என்ற வருமானப் படிவம். இன்னொன்று, மார்க்கெட்பிளேஸ் என்ற அரசு ஏற்பாட்டுச் சந்தையில் வாங்கிய ஹெல்த் இன்சூரன்ஸுக்கான 1095-ஏ படிவம். "கேஸ் முடிஞ்சிடுச்சு தம்பி, இதையும் சேர்த்துப் போட்டுடுங்க" என்றார். அந்த இன்சூரன்ஸின் பிரீமியம் கட்ட, வருட வருமானத்தைப் பொறுத்து அரசு மானியம் தருகிறது. சமரசத் தொகையால் வருமானம் ஏறியதால், வருடம் முழுக்க வாங்கிய அந்த மானியத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கணக்கு காட்டியது. வந்த பணமோ கடனை அடைக்கப் போய்விட்டது. "வக்கீல் ஒரு வார்த்தை சொல்லலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடல்.

கார் விபத்து, கடையில் வழுக்கி விழுந்தது போன்ற உடல் காயத்துக்கான இழப்பீடு பொதுவாக வரிக்கு வராது. மானியக் கணக்கிலும் சேராது. இது தெரியாமல் பயந்துபோய் மானியமே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பாக்கிச் சம்பளம், வட்டி, தண்டனை இழப்பீடு எல்லாம் வருமானம்தான். உடல் காயம் இல்லாத மன உளைச்சலுக்குக் கொடுப்பதும் அப்படியே. 1996இல் சட்டத்தில் 'உடல்' என்ற சொல்லைச் சேர்த்ததிலிருந்து இதுதான் நிலை.

உங்கள் ஃபீஸ் விஷயம் இன்னும் சிக்கல். பணம் நேராக உங்கள் கணக்குக்கு வந்தாலும் உங்கள் பங்கும் கட்சிக்காரரின் வருமானம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாகுபாடு, வேலை சம்பந்தமான வழக்குகளில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அவதூறு வழக்கில் பெரும்பாலும் முடியாது. அதாவது கழிக்க முடியாத வழக்கில் 50,000 டாலரில் 20,000 உங்களுக்கு என்றால், கைக்கு வருவது 30,000. மானியத்துக்குக் கணக்காவது 50,000. இதை எத்தனை பேர் கட்சிக்காரரிடம் சொல்கிறீர்கள்?

2026இலிருந்து அடி இன்னும் பலம். வறுமைக்கோட்டைப் போல் நான்கு மடங்கு என்ற பழைய வரம்பு திரும்பிவிட்டது. 2026க்கு அது தனி ஆளுக்கு 62,600 டாலர், நான்கு பேர் குடும்பத்துக்கு 1,28,600. அதைத் தாண்டினால் அந்த வருட மானியம் முழுவதும் போச்சு. வரம்புக்குள் இருப்பவர்களுக்கு, கூடுதலாக வாங்கியதில் இவ்வளவுக்கு மேல் திருப்பிக் கேட்க மாட்டோம் என்று முன்பு ஒரு உச்சவரம்பு இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள்.

அதனால் சமரசம் பேசும்போதே கேளுங்கள்: "உங்க ஹெல்த் இன்சூரன்ஸ் எங்கேருந்து வருது?" மார்க்கெட்பிளேஸ் என்றால், எந்தத் தொகை எதற்கு என்பதை வழக்கின் உண்மைப்படி ஒப்பந்தத்தில் பிரித்து எழுதுங்கள். பணம் எந்த வருடம் வர வேண்டும் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள். இரண்டு வருடமாகப் பிரித்து வாங்கினால் எப்போதும் லாபம் என்றில்லை. இரண்டு வருட மானியமும் போகலாம். ஒரு வரிக் கணக்கரைக் கூப்பிட்டால் அரை மணி நேர வேலை. அப்புறம், வருமானம் மாறினால் 30 நாளுக்குள் மார்க்கெட்பிளேஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

அந்த அக்காவுக்குப் பணம் வந்தது செப்டம்பரில். அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் மிச்ச மாதங்களுக்கு மானியத்தைக் குறைத்திருப்பார், கடனுக்குக் கொடுக்கும் முன் கொஞ்சம் எடுத்து வைத்திருப்பார்.

அன்புடன்,
ஒரு வரிக் கணக்கர்